பறவைகளுக்குத் தண்ணீர்: மண்தட்டா, பீடத் தொட்டியா, சொட்டு நீரா, குட்டையா?

தோட்டத்தில் பறவைகளுக்குத் தண்ணீர் வைக்க நான் முதலில் தேர்ந்தெடுத்தது சிமெண்டில் வார்த்த ஒரு பீடத் தொட்டி. இடுப்பு உயரம், மேலே அகலமான கிண்ணம், பார்க்க அழகாக இருக்கும். முதல் வாரம் ஒரு பறவைகூட வரவில்லை. இரண்டாம் வாரம் ஒரு மைனா வந்தது. விளிம்பில் நின்று குனிந்து குடித்துவிட்டு, குளிக்காமல் பறந்துவிட்டது. மூன்றாம் வாரம் அடியில் பாசி பிடிக்க ஆரம்பித்தது. அந்தக் கிண்ணத்தைத் தூக்கிச் சாய்க்க ஓர் ஆளால் முடியாது. குவளையால் மொண்டு மொண்டு ஊற்றி, மீதியைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தினமும் செய்ய நினைத்த வேலை இரண்டு நாளைக்கு ஒருமுறை ஆனது, அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை ஆனது. அதே நாட்களில், பூந்தொட்டிக்கு அடியில் கிடந்த ஒரு மண்தட்டில், செடிக்கு ஊற்றியது வழிந்து தேங்கிய விரற்கடைத் தண்ணீரில், சிட்டுகள் கூட்டமாக இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தன.

அந்தத் தட்டில் என்ன இருந்தது, தொட்டியில் என்ன இல்லை என்று யோசிக்கப் போய்த்தான் ஒவ்வொரு வகையாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். எதை வைக்கலாம் என்று முடிவெடுக்க முடியாமல் இருப்பவர்களுக்காக, பார்த்ததையும் படித்ததையும் இங்கே எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தினமும் ஒரு கையால் தூக்கிக் கவிழ்த்துத் தேய்க்க முடிகிற பாத்திரம் எதுவோ, அதுதான் உங்களுக்கு ஏற்றது. மற்ற வசதிகளை எல்லாம் அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

பறவை தண்ணீரை எப்படிப் பயன்படுத்துகிறது

பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயில் ஏறும்போது அலகைத் திறந்து மூச்சிரைத்தும், சில பறவைகள் தொண்டைத் தோலைப் படபடவென்று அசைத்தும்தான் உடல் சூட்டைக் குறைத்துக்கொள்கின்றன. அப்படிச் செய்யும்போது உடலிலிருந்து நீர் ஆவியாகிப் போகிறது, அதை ஈடுகட்டியாக வேண்டும். பூச்சியும் பழமும் தின்னும் பறவைகளுக்கு இரையிலேயே ஓரளவு நீர் கிடைத்துவிடும். சிட்டு, சில்லை, புறா போலத் தானியம் தின்பவற்றுக்கு அது போதாது, தண்ணீரைத் தேடிப் போய்க் குடித்தே ஆக வேண்டும். அதனால்தான் குடிக்க வரும் கூட்டத்தில் இவைதான் அதிகம் தெரியும்.

குடிக்கிற விதத்திலும் வித்தியாசம் உண்டு. பெரும்பாலான பறவைகள் அலகில் ஒரு மடக்கு அள்ளி, தலையை அண்ணாந்து விழுங்கும். புறாவும் மாடப்புறாவும் அலகைத் தண்ணீரில் அமிழ்த்தி, தலை தூக்காமல் உறிஞ்சும். அலகு முழுகுமளவுக்கு ஓரிடத்திலாவது ஆழம் இருந்தால் அவற்றுக்கு வசதி.

குளிப்பது வேறு விஷயம். அதை ஒரு விளையாட்டு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன், அது தவறு. இறகில் படிந்த தூசியும் பழைய எண்ணெய்ப் பசையும் போக வேண்டும். நனைந்த இறகை உதறி, அலகால் கோதி, வால் தொடங்கும் இடத்தில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து புதிதாக எண்ணெய் எடுத்துப் பூசிக்கொண்டால்தான் இறகின் இழைகள் ஒன்றோடொன்று சரியாகக் கொக்கி மாட்டி நிற்கும். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவைகளைத் தொங்கும் கயிறுகளுக்கு இடையே தப்பிப் பறக்க விட்டுப் பார்த்தார்கள். குளிக்கத் தண்ணீர் கிடைக்காத பறவைகள் கயிறுகளில் அதிகமாக மோதின. வல்லூறு துரத்தும்போது கிளைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து தப்பிக்க வேண்டிய ஓர் உயிருக்கு, குளியல் எவ்வளவு அவசியம் என்று இதிலிருந்து தெரிகிறது.

எல்லாப் பறவையும் ஒரே மாதிரி குளிப்பதில்லை. சிட்டு, மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி எல்லாம் தண்ணீரில் இறங்கி நின்று சிறகடித்துத் தெளித்துக்கொள்ளும். தேன்சிட்டும் தையல்சிட்டும் ஈரமான இலைகளின்மேல் உடலைத் தேய்த்துப் புரளும், கிண்ணத்துக்குள் இறங்குவது குறைவு. கரிச்சானும் பஞ்சுருட்டானும் பறந்துகொண்டே வந்து நீர்ப்பரப்பில் உடலை ஒருமுறை முக்கிவிட்டு மேலே போய்விடும். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே பாத்திரம் என்று ஒன்று இல்லை. எந்தப் பறவைகள் உங்கள் தோட்டத்துக்கு ஏற்கெனவே வந்து போகின்றன என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அளவைப் பொறுத்தவரை இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் 1 செ.மீ., நடுவில் 5 செ.மீ.க்கு மேல் ஆழம் வேண்டாம். ஓரத்திலிருந்து நடுவுக்குச் சரிவு மெதுவாக இறங்க வேண்டும். அடிப்பகுதி சொரசொரப்பாக இருக்க வேண்டும். குறுக்களவு 30 செ.மீ.யாவது இருந்தால் இரண்டு மூன்று சிறு பறவைகள் சண்டையில்லாமல் குளிக்கும். என் சிமெண்டுத் தொட்டியில் விளிம்பிலிருந்து நேராக ஒரு சாண் ஆழத்துக்கு இறங்கியது. மைனா ஏன் குளிக்காமல் போனது என்று அப்போதுதான் புரிந்தது.

மண்தட்டு

எனக்குப் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பூச்சு எதுவும் இல்லாமல் சுட்ட மண்ணில் நுண்ணிய துளைகள் இருக்கும். அவற்றின் வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். மேற்பரப்பு சொரசொரப்பானது, பறவையின் கால் வழுக்காது. எடையும் பக்குவமானது: காற்றில் பறக்காது, கையால் தூக்கிக் கவிழ்க்கவும் முடியும். மேலே பளபளப்புப் பூசிய பீங்கான் தட்டுகளும் பார்க்க மண்தட்டு மாதிரியே இருக்கும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். அப்படிப்பட்டது கையில் இருந்தால் உள்ளே ஒரு தட்டைக் கல்லைப் போட்டுவிடுங்கள்.

ஒரே அளவில் இரண்டு தட்டுகளாக வைத்துக்கொள்வது மிகப் பெரிய வசதி. இன்று ஒன்று வேலை செய்யும், மற்றொன்று தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்ந்து கிடக்கும். நாளை மாற்றிவிடலாம். முழுதாகக் காய்வது சாதாரண விஷயமல்ல. பறவைகளுக்கு இடையே தண்ணீர் வழியாகப் பரவும் சில கிருமிகள் ஈரம் போனால் பிழைப்பதில்லை. பாசியும் தளர்ந்துவிடும், மறுநாள் தேய்ப்பது எளிதாகிவிடும்.

குறைகளும் உண்டு. முதலாவது, தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடும். வறண்ட கோடை நாளில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து 8 மி.மீ. வரை ஆவியாகலாம். 30 செ.மீ. தட்டில் அது அரை லிட்டருக்கு மேல் வரும். மண் கசிவதும் பறவைகள் சிறகடித்துச் சிதறடிப்பதும் அதற்கு மேல். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று வந்து குளித்துவிட்டுப் போனால் பாதித் தட்டு காலியாகிவிடும். காலையில் நிரப்பினாலும் நண்பகலில் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாவது, தரையில் வைத்தால் பூனை. மூன்றாவது, கீழே விழுந்தால் உடையும்.

பிளாஸ்டிக் தட்டு உடையாது, ஆனால் இலேசாக இருப்பதால் ஒரு காகம் விளிம்பில் உட்கார்ந்தாலே கவிழ்ந்துவிடும். வழுக்கும், நாள்பட்ட வெயிலில் வெடிக்கும். நடுவில் கனமான கல் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம். உலோகத் தட்டு வெயிலில் கொதிக்கும், நாள் முழுக்க நிழலில் இருக்குமென்றால் மட்டும் வைக்கலாம். கண்ணாடிக் கிண்ணம் வேண்டாம்.

பீடத் தொட்டி

பூனை நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் உயரத்தில் இருக்கும் தொட்டிக்கு மதிப்பு உண்டு. குளிக்கும் பறவைக்குச் சுற்றிலும் பார்வை கிடைக்கும். நனைந்த இறகோடு பறவையால் சட்டென்று மேலெழும்ப முடியாது, அதனால் முன்கூட்டியே ஆபத்தைப் பார்ப்பது அதற்கு உயிர் பிழைக்கிற வழி. என் தோட்டத்துத் தொட்டியின் தவறு உயரத்தில் இல்லை. கிண்ணம் ஆழமாக இருந்ததும், பீடத்தோடு சேர்த்து வார்க்கப்பட்டிருந்ததும்தான் தவறு. தேடினால் கிண்ணம் தனியாகக் கழன்று வரும் பீடங்கள் கிடைக்கும், அப்படிப்பட்டதை மட்டும் எடுங்கள். கிண்ணம் ஆழமாக இருந்தால் சரளைக் கல்லைக் கொட்டி நிரப்பச் சொல்வார்கள். சரளைக்கு நடுவே எச்சமும் அழுக்கும் தங்கிவிடும், கழுவுவது பெரும்பாடு. ஒரு பெரிய தட்டைக் கல் போதும், எடுத்துத் தேய்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடலாம்.

புதுச் சிமெண்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதிலிருந்து சில காலம் சுண்ணாம்புக் காரம் தண்ணீரில் இறங்கும். நிரப்பி, ஒரு நாள் ஊறவிட்டு, கொட்டி, திரும்ப நிரப்பி என்று சில வாரங்கள் செய்த பிறகே பறவைகளுக்கு விட வேண்டும்.

தரையில் இரை தேடும் பறவைகள் பலவும் தரைமட்டத் தண்ணீரையே விரும்புகின்றன. காட்டில் குட்டையும் ஓடை ஓரமும் தரையில்தானே இருக்கின்றன. பூனை இல்லாத தோட்டத்தில் பீடத்துக்காகச் செலவு செய்ய வேண்டிய தேவையே இல்லை.

தொங்கும் தட்டும் பாட்டில் குடிப்பானும்

மாடிமுகப்பு மட்டுமே உள்ளவர்களுக்கு மூன்று சங்கிலியில் தொங்கும் தட்டு உடனே நினைவுக்கு வரும். அது ஆடும். ஆடுகிற தட்டில் சிட்டு குடிக்கும், குளிக்க யோசிக்கும். அதைவிட, கைப்பிடிக் கம்பியில் இறுக்கி மாட்டும் வளையத்துக்குள் ஒரு தட்டைப் பொருத்துவது மேல். அசையாது, கழற்றிக் கழுவலாம். கீழே யார் தலையிலும் விழாதபடி கம்பியால் ஒரு கட்டுப் போட்டுவிடுங்கள்.

தலைகீழாகக் கவிழ்த்த பாட்டிலிலிருந்து சிறு தொட்டிக்குத் தண்ணீர் இறங்கும் குடிப்பான்கள் குடிப்பதற்கு மட்டும் பயன்படும். எச்சம் விழுவது குறைவு, ஆவியாவதும் குறைவு. ஆனால் பாட்டிலுக்கு உள்ளே பாசி பிடிப்பது வெளியே சட்டென்று தெரியாது. குறுகிய மூலைகளில் பிரஷ் போகாது. ஓரிரு நாள் ஊருக்குப் போக நேரும்போது மட்டும் இதை வைக்கிறேன். நிரந்தரமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை, குளிக்க வரும் பறவைக்கு அதில் எதுவும் இல்லை.

சொட்டும் நீர்

அசையாத தண்ணீரைப் பறவை கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சொட்டுகிற தண்ணீர் ஓசையால் கூப்பிடும், மேலே அலை நெளிந்து மின்னும். ஒரு மாதமாக யாரும் வராத தட்டுக்கு மேலே சொட்டு விழ ஆரம்பித்ததும், கொண்டைக்குருவிகள் இரண்டாம் நாளே வந்து நின்றன. வலசை வரும் பறவைகள் உங்கள் தோட்டத்தை அறியாதவை. அவற்றுக்கு இந்த ஓசை இன்னும் உதவும்.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பழைய பாட்டில் ஒன்றின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, தட்டுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் கிளையில் கட்டித் தொங்கவிட்டால் போதும். மூடியைத் திருகித் திருகிச் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், காற்று உள்ளே போகும் அளவு மாறினால் சொட்டும் மாறும். மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு என்று வையுங்கள். நிமிடத்துக்கு 20 சொட்டு, ஏறக்குறைய 1 மி.லி. பன்னிரண்டு மணி நேரப் பகலுக்கு முக்கால் லிட்டர்கூட ஆகாது. முன்னே சொன்ன ஆவியாதல் கணக்கோடு ஒப்பிட்டால், சொட்டும் பாட்டில் ஏறத்தாழ அந்த இழப்பை ஈடுகட்டிவிடுகிறது. ஒரே வேலையில் இரண்டு பயன். செடிகளுக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருப்பவர்கள் அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயைத் தட்டுக்கு இழுத்துவிடலாம்.

தூவல் இன்னொரு வழி. பனிபோல நீர் தெளிக்கும் முனையைப் புதருக்கு மேலே மாட்டினால், தட்டில் ஒருநாளும் இறங்காத தேன்சிட்டு இலைகளுக்கு நடுவே புரண்டு குளிப்பதைப் பார்க்கலாம். அந்த முனைகூட இல்லாவிட்டால் பரவாயில்லை. காலையில் செடிக்கு ஊற்றும்போது அகலமான இலைகளையும் நன்றாக நனைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அவ்வளவு பெரிய பறவைக் குளியலை அவ்வளவு குறைந்த தண்ணீரில் வேறு எதிலும் நான் கண்டதில்லை.

சோலார் பம்பு

தட்டில் மிதந்தபடி பீச்சியடிக்கும் சிறு சோலார் பம்புகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம். ஆனால் மேகம் மறைத்தால் நின்றுவிடும், நிழலில் வேலை செய்யாது. பறவைகளோ நண்பகல் வெயிலில் நிழலான தண்ணீரையே தேடும், மிதக்கும் பம்பில் இந்த முரண்பாட்டைத் தீர்க்க வழியில்லை. பலகை தனியாகவும் பம்பு தனியாகவும் இருக்கும் வகையை வாங்கி, பலகையை மட்டும் வெயிலில் வைப்பது ஒன்றுதான் வழி. நீர் உயரமாகப் பீச்சினால் காற்று வெளியே அடித்துக்கொண்டு போய், தட்டு வற்றி, பம்பு வெறுமனே ஓடிக் கெட்டுவிடும். 30 செ.மீ. தட்டில் மிதவை பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும், பறவைக்கு நிற்க இடம் இருக்காது. 60 செ.மீ.க்கு மேல் அகலம் இருந்தால் வைக்கலாம், அதற்குக் குறைவு என்றால் சொட்டுப் பாட்டிலே போதும்.

குட்டை

இடம் இருந்தால், பொறுமையும் இருந்தால், ஒரு சிறு குட்டைக்கு இணை வேறு எதுவும் இல்லை. ஒரு பக்கம் கூழாங்கல் பரப்பி மிக மெதுவாகச் சரியும் கரை, மறுபக்கம் ஆழம், நடுவில் நீர்ச் செடிகள். குளிக்கும் பறவைகள் கரையில் இறங்கும், கரிச்சான் பறந்து வந்து நடுவில் முக்கிவிட்டுப் போகும். தவளையும் தும்பியும் தானாக வந்து சேரும். தும்பியின் இளம்புழுக்கள் தண்ணீருக்குள்ளேயே கொசுப்புழுவைத் தின்னும். கப்பி மீன் விட்டாலும் கொசுப்புழு குறையும். ஆனால் மீன்கள் தலைப்பிரட்டையையும் மற்ற நீர்ப்பூச்சிகளையும்கூட விடாது, அதனால் தவளை வேண்டும் என்றால் மீனை விடாதீர்கள்.

தினமும் தேய்க்கும் வேலை இதில் இல்லை, தொடக்க வேலைதான் அதிகம். தோண்ட வேண்டும், தண்ணீர் இறங்காத விரிப்புப் போட வேண்டும், செடி வேர்பிடித்துத் தண்ணீர் தெளியச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். வீட்டில் தவழும் பருவத்திலோ நடை பழகும் பருவத்திலோ குழந்தை இருந்தால் குட்டையை ஒத்திப்போடுங்கள். சில அங்குலத் தண்ணீரே அந்த வயதுக் குழந்தைக்கு ஆபத்து. இந்த ஒன்றில் சமரசம் கூடாது.

கொசுவும் நோயும்

பறவைக்குத் தண்ணீர் வைத்தால் கொசு வரும் என்று அக்கம்பக்கத்தார் சொல்வது நியாயமான கவலை. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீரில் முட்டையிடுவதைவிட, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டி வைப்பதே வழக்கம். அந்த முட்டைகள் காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாங்கும், திரும்ப நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே குறைந்த தண்ணீரை மேலே மேலே ஊற்றி நிரப்புவது முட்டைக்கு நாமே நீர் காட்டுவது மாதிரிதான். பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டி, சுவரை, குறிப்பாக நீர்க்கோடு படிந்த இடத்தை, அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். வெப்பமான நாட்களில் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க ஒரு வாரம் போதும். தினமும், முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள், இப்படிச் செய்தால் தட்டிலிருந்து ஒரு கொசுகூட எழும்ப வாய்ப்பில்லை. என் முதல் தொட்டியில் நான் செய்யத் தவறியது இதுதான், அதற்குக் காரணம் அதன் எடை.

நோய் இதைவிடப் பெரிய விஷயம். டிரைகோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி புறாக்களின் தொண்டையில் சாதாரணமாக இருக்கும், எச்சில் கலந்த தண்ணீர், இரை வழியாக மற்ற பறவைகளுக்குத் தாவும். பிரிட்டனில் 2005-ல் தோட்டத்துச் சிறு பறவைகளிடம் இதைக் கண்டார்கள், 2006-ல் கொள்ளைநோயாகப் பரவியது. அங்கே தோட்டம்தோறும் இருந்த கிரீன்ஃபிஞ்ச் என்ற பச்சைச் சிட்டு அதில் பெரும் அளவில் அழிந்து, 2021-ல் பாதுகாப்புக் கவலைக்குரிய சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அன்போடு வைத்த தண்ணீரும் இரையும்கூட நோய் பரவ வழியாகலாம் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, விழுங்கச் சிரமப்பட்டு, அலகோரம் ஈரமாக ஒரு பறவை உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், தட்டை அன்றே எடுத்துவிடுங்கள். ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்துத் தேய்த்து, வாசனை போகும்வரை அலசி, வெயிலில் காயவிட்டு, இரண்டு வாரமாவது கழித்துத் திரும்ப வையுங்கள். பறவைகள் தாகத்தில் தவிக்குமே என்று அப்போது இரக்கப்படக் கூடாது. ஒரே இடத்தில் கூடாமல் கலைந்து போவதுதான் அவற்றுக்கு நல்லது.

சாதாரண நாட்களில் சுத்தமான தண்ணீரும் பிரஷும் போதும், பாசி விடாப்பிடியாக இருந்தால் வினிகர் கலந்த தண்ணீர். சோப்பு வேண்டாம், அதன் மிச்சம் இறகின் எண்ணெயைக் கழுவிவிடும். தண்ணீரில் சர்க்கரை, உப்பு, மருந்து எதுவும் கலக்காதீர்கள். குளிரில் நீர் உறையும் இடங்களிலும் அப்படித்தான். உறைந்த தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றலாம், உறையாமல் இருக்க உப்போ ரசாயனமோ போட்டால் பறவைக்கு நஞ்சாகும். தானியம் வைக்கும் இடத்துக்கு நேர் கீழே தட்டு இருக்கவும் கூடாது, உமியும் எச்சமும் விழுந்து ஒரே நாளில் கெட்டுவிடும்.

எங்கே வைப்பது

பாத்திரத்தைவிட இடம் முக்கியம் என்றுகூடச் சொல்வேன். அடர்ந்த புதரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். பூனை பதுங்கியிருந்து ஒரே தாவலில் பிடிக்க முடியாத தூரம், நனைந்த பறவை எட்டிவிடக்கூடிய தூரம். மேலே ஒரு கிளை இருந்தால் குளித்தபின் உட்கார்ந்து கோதிக்கொள்ள வசதி. நண்பகலில் நிழல் விழ வேண்டும். பெரிய கண்ணாடிச் சன்னல் எதிரே இருந்தால், திடுக்கிட்டு எழும்பும் பறவை வேகமெடுத்துக் கண்ணாடியில் மோதும். சன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் நெருக்கி வைத்தால் வேகம் எடுக்க இடமிருக்காது, அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் கொண்டுபோய்விட வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் ஆபத்து.

தட்டு வைப்பதற்கு முன்பே, தோட்டத்தில் திறந்து கிடக்கும் வாளி, டிரம், சிமெண்டுத் தொட்டிகளைப் பாருங்கள். ஒரு கோடையில் முக்கால்வாசி நிறைந்த வாளியில் ஒரு சிட்டு மிதந்து கிடந்ததைக் கண்டேன். தாகத்தில் குனிந்திருக்கும், உள்ளே விழுந்திருக்கும், வழுவழுப்பான செங்குத்துச் சுவரில் ஏற வழியில்லை. அன்றிலிருந்து மூடி போட முடியாத எந்தப் பாத்திரத்திலும் விளிம்புவரை சாய்த்த ஒரு மரக்கட்டை இல்லாமல் விடுவதில்லை.

இப்போது உங்கள் நிலைமைக்கு வருவோம். தினமும் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்து, பூனைத் தொல்லை இல்லாவிட்டால்: தரையில் அல்லது தாழ்ந்த கல்மேல் இரண்டு மண்தட்டுகள், ஒன்றின் மேலே சொட்டுப் பாட்டில். பூனை இருந்தால் அதே தட்டை உயரத்தில் வையுங்கள். பறவைக் கூட்டம் பெரிதாக இருந்தால் குடிக்க ஒன்று, குளிக்க ஒன்று என்று தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. பறவைகள் அந்தப் பிரிவினையைப் பொருட்படுத்தாமல் இரண்டிலும் இரண்டையும் செய்யும், ஆனாலும் நெரிசல் குறையும். மாடிமுகப்பு மட்டும் என்றால் கம்பியில் இறுக்கிய தட்டு. இடமும் காலமும் இருப்பவர்கள் குட்டை தோண்டலாம். வாரத்துக்கு ஒருமுறைதான் தோட்டத்துக்குப் போக முடியும் என்றால், தட்டே வைக்காதீர்கள் என்பது என் கருத்து. பூக்கிற, காய்க்கிற புதர்களை நட்டு, போகும்போது இலைகளை நனைத்துவிட்டு வாருங்கள். பராமரிக்காத தண்ணீரைவிட அது பறவைகளுக்கு நல்லது.

வைத்த மறுநாளே வரவில்லை என்று பாத்திரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். புதிதாக முளைத்த எதையும் பறவை முதலில் தூரத்திலிருந்துதான் நோட்டம் விடும். மூன்று வாரம் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றுங்கள், முதலில் நிழல் பக்கம், அப்புறம் அவை வழக்கமாக வந்து உட்காரும் மரத்தின் பக்கம்.

என் சிமெண்டுத் தொட்டியை நான் உடைத்துப் போடவில்லை. அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை போட்டு, கிண்ணத்தை மணலால் நிரப்பி, அதன்மேல் மண்தட்டு ஒன்றை உட்கார வைத்திருக்கிறேன். காலையில் ஒரு கையால் தட்டை எடுத்துக் கொட்டி, மறு கையால் தேய்த்து, இரண்டாவது தட்டை வைத்துவிட்டு வர ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. மாலை நாலரை மணி வாக்கில் ஒரு ஜோடிக் கொண்டைக்குருவி வரும். ஒன்று தண்ணீரில் இறங்கும், மற்றொன்று விளிம்பில் நின்று சுற்றிலும் பார்க்கும். அப்புறம் இடம் மாற்றிக்கொள்ளும்.